சுவிஸ் விவசாயக் குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி: பூர்வீக ஊரிலிருந்து பண்ணை வரை

சுவிட்சர்லாந்துக் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. அந்த இடத்தில் 'ஹைமாட்டோர்ட்' என்ற தலைப்பின் கீழ் வேறோர் ஊரின் பெயர் இருக்கும். அதுதான் அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊர். ஆள் சூரிக்கில் பிறந்து ஜெனீவாவில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். பூர்வீக ஊருக்கு ஒருமுறைகூடப் போகாதவராகவும் இருக்கலாம். அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று இறங்கி வந்த ஊர் அது. சுவிஸ் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர்களின் கடவுச்சீட்டிலும் யாழ்ப்பாணம் இருக்காது, குடியுரிமை கொடுத்த சுவிஸ் ஊர்தான் இருக்கும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருப்பது உணர்ச்சி அல்ல, கணக்கு. 1551இல் சுவிஸ் கூட்டமைப்பின் மன்றம், ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தது. அதன் பிறகு 'இவன் எங்கள் ஊர்க்காரனா?' என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகிவிட்டது. கஞ்சி ஊற்ற வேண்டியவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள ஊர்கள் தங்கள் மக்களைக் கவனமாக எழுதி வைத்தன. வெளியூர் போய்விட்டவர்களையும் விடவில்லை. ஏழைக் குடியானவனின் வம்சத்தை நானூறு ஆண்டுகள் பின்னோக்கித் தொடர முடிகிறதென்றால் அதற்கு இந்தக் கஞ்சத்தனம் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறும். ஊரையும் பண்ணையையும் பிடித்துக்கொண்டு போனால்தான் ஆள் கிடைப்பார். இதில் பெரும்பாலும் பெர்ன் கன்டோனையும் (கன்டோன் என்றால் சுவிஸ் மாநிலம்), அதிலும் எம்மென்டால் மலைப்பகுதியையும் வைத்தே சொல்கிறேன். பதிவுகள் அங்கே வளமாக இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன.

பூர்வீக ஊரைக் கண்டுபிடித்தல்

முதலில் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். பழைய கடவுச்சீட்டு, திருமணத்தின்போது கொடுக்கும் குடும்பப் புத்தகம், 'ஹைமாட்ஷைன்' என்ற பூர்வீகச் சான்றிதழ், ராணுவச் சேவைப் புத்தகம், இதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். அமெரிக்காவுக்கோ பிரேசிலுக்கோ போன குடும்பமாக இருந்தால் கல்லறைக் கல், தேவாலயப் பதிவு, குடும்ப பைபிளின் முதல் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். 'பெர்ன், சுவிட்சர்லாந்து' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நகரத்தைக் குறிக்காது, கன்டோனைத்தான் குறிக்கும்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? சுவிஸ் குடும்பப்பெயர் நூல் இருக்கிறது. 1962இல் எந்தெந்தக் குடும்பப்பெயர்களுக்கு எந்தெந்த ஊரில் ஊருரிமை, அதாவது அந்த ஊரைப் பூர்வீக ஊராகக் கொள்ளும் உரிமை, இருந்தது என்று மொத்த நாட்டுக்கும் தொகுத்த பட்டியல் அது. சுவிட்சர்லாந்தின் வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அந்த ஊருரிமை 1800க்கு முற்பட்டதா, 19ஆம் நூற்றாண்டில் வாங்கியதா என்பதையும் அது காட்டும். 1800க்கு முற்பட்ட ஊர்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பெயர்கள் தாமே வழிகாட்டும். ஃபாங்க்ஹௌசர் என்ற பெயர் எம்மென்டாலில் ட்ரூப் ஊரைச் சேர்ந்த ஃபாங்க்ஹௌஸ் என்ற பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. முல்லர், மையர் போன்ற பெயர்கள் எதையும் காட்டா. ஆலைக்காரனும் பண்ணை நிர்வாகியும் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே வம்சம் என்று நினைக்காதீர்கள். பெயரைச் சொன்னால் குலச்சின்னம் வரைந்து கொடுக்கும் கடைகளுக்குப் பணம் கொடுப்பதும் வீண்.

பெண் வழியில் ஒரு சிக்கல் உண்டு. 1988இல் புதிய திருமணச் சட்டம் வரும் வரை, மணமான பெண் தன் ஊருரிமையை இழந்து கணவனின் ஊருக்கு உரியவளானாள். பாட்டியின் சான்றிதழில் இருக்கும் ஊர் தாத்தாவுடையது. பாட்டியின் சொந்த ஊருக்குத் திருமணப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஆவணக்காப்பகம்?

நாடு முழுவதுக்கும் ஒரே இடம் என்று எதுவும் இல்லை. பெர்ன் நகரில் உள்ள கூட்டாட்சி ஆவணக்காப்பகத்துக்கு எழுதினால் ஞானஸ்நானப் பதிவு கிடைக்காது. 26 கன்டோன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆவணக்காப்பகம், தனி விதி. பெர்ன் கன்டோனின் பழைய தேவாலயப் பதிவேடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, அதன் ஆவணக்காப்பகத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேறு சில கன்டோன்களில் நுண்படச்சுருளாக வாசகர் அறையில் இருக்கும். கிராவ்புண்டன் போன்ற மலைப்பகுதிகளில் மூலப்பிரதி இன்னும் ஊரிலேயே இருப்பதும் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் நிறைய இருக்கிறது, ஆனால் அங்கே யாரோ ஏற்றிவைத்த குடும்ப மரங்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏதோ ஒரு ஹான்ஸை ஏதோ ஒரு ஹான்ஸோடு ஒட்டவைத்த மரங்கள் அவற்றில் ஏராளம்.

எல்லைகள் மாறியதையும் கவனியுங்கள். இன்றைய ஆர்கௌ கன்டோனின் ஒரு பகுதி 1415 முதலும், வோ 1536 முதலும் 1798 வரை பெர்னின் ஆட்சியில் இருந்தன. பழைய பெர்ன் அரசு நடத்திய நிலக் கணக்குகள் அந்த ஊர்களுக்கும் பெர்னிலேயே கிடைக்கலாம். ஜூரா 1979இல்தான் தனிக் கன்டோன் ஆனது.

கிளாருஸ் குடும்பமாக இருந்தால் அதிர்ஷ்டசாலி. யோஹான் யாக்கோப் கூப்ளி-முல்லர் என்பவர் அந்தக் கன்டோனின் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் வம்சாவளி தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது கிளாருஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

இன்றிலிருந்து 1876 வரை

1876 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பை நாடு முழுவதும் அரசே பதிவு செய்கிறது. அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் அது தேவாலயத்தின் வேலை. 1929 முதல் ஒவ்வொரு பூர்வீக ஊரிலும் குடும்பப் பதிவேடு வைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு தாள், எங்கே பிறந்தாலும் மணந்தாலும் இறந்தாலும் தகவல் அந்த ஊருக்கு வந்து சேரும். அந்தத் தாளின் நகல்தான் 'ஃபமீலியன்ஷைன்'. பூர்வீக ஊருக்குப் பொறுப்பான சிவில் பதிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி வாங்கலாம்.

உங்கள் நேரடி முன்னோர் என்று காட்ட முடிந்தால் பெரிய தொல்லை இல்லை. சித்தப்பா பெரியப்பா கிளைகளையும் சேர்த்துத் தேட வேண்டுமென்றால் கன்டோனின் மேற்பார்வை அலுவலகத்தில் முன்னனுமதி கேட்க வேண்டியிருக்கும். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைப் பாதுகாப்பதில் சுவிஸ் அலுவலகங்கள் கறாரானவை. அலுவலரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

தேவாலயப் பதிவேடுகளுக்குள்

பெர்னில் 19ஆம் நூற்றாண்டுக் குடும்பங்களுக்கு முதலில் திறக்க வேண்டியது 'பூர்கர்ரோடல்', அதாவது ஊருரிமைக்காரர் பதிவேடு. குடும்பவாரியாக எழுதப்பட்டது. தந்தை, தாய், திருமண நாள், பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள். ஒரே பக்கத்தில் ஒரு தலைமுறை கிடைத்துவிடும். இதைப் பார்க்காமல் நேராக ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகிறவர்கள் வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால் போக ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகள்தான். சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) ஊர்களில் இவை மதச் சீர்திருத்தத்தோடு தொடங்கின. சூரிக்கில் 1520களின் நடுவில் ஆரம்பம், பெர்னில் 1528க்குப் பிறகு. பல ஊர்களில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ச்சியாக இருக்கும். கத்தோலிக்க ஊர்களில் 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் சங்கம் போட்ட உத்தரவுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தொடங்கின, மொழியும் லத்தீன். இறப்புப் பதிவேடு எல்லா இடத்திலும் கடைசியாக வந்தது. பல பெர்ன் ஊர்களில் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் நாள், தந்தை, தாய், குழந்தை, சாட்சிகளான ஞானப்பெற்றோர் இருப்பார்கள். அந்த நாள் ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல. தாய்க்குப் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரே எழுதப்பட்டிருக்கும், இது பெரிய உதவி. பெண்ணின் பெயரோடு 'இன்' சேர்ப்பது வழக்கம். வூத்ரிஹ் குடும்பத்துப் பெண் 'வூத்ரிஹின்' ஆவாள், அதை வேறு குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம்.

எழுத்து 'கூர்ரென்ட்' என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். 'u' எழுத்தின் தலையில் ஒரு வளைவு போட்டு வேறுபடுத்துவார்கள். கற்றுக்கொள்ள ஒரே வழி, உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு பதிவை எடுத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பதுதான். 1870களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒரு போதகரின் கை பழகிவிட்டால் அவர் பணியாற்றிய ஆண்டுகள் முழுவதையும் வேகமாகப் படிக்கலாம். அடுத்த போதகர் வந்ததும் மறுபடி அரிச்சுவடி. டிரான்ஸ்கிரிபஸ் என்ற கணினிக் கருவி கையெழுத்தைப் படித்துத் தரும், சுமாரான தொடக்கத்துக்கு உதவும். ஆனால் பெயர்களில் சறுக்கும், நமக்கு வேண்டியதோ பெயர்கள்தான்.

ஆட்பெயர்களின் உள்ளூர் வடிவங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊலி என்றால் உல்ரிஹ். கிறிஸ்டென் என்றால் கிறிஸ்டியான். பெண்டிஹ்ட் என்றால் பெனடிக்ட். வ்ரேனி என்றால் வெரேனா. புரியாத வட்டாரச் சொல் வந்தால் 'இடியோட்டிகோன்' என்ற சுவிஸ் ஜெர்மன் அகராதியைப் பாருங்கள். 1881 முதல் வெளிவரும் அகராதி, இணையத்தில் இலவசம்.

தேதிகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. கத்தோலிக்கக் கன்டோன்களில் பெரும்பாலானவை 1584இல் புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறின. பெர்ன், சூரிக் போன்ற சீர்திருத்தச் சபைக் கன்டோன்கள் 1700 டிசம்பர் 31க்கு அடுத்த நாளை 1701 ஜனவரி 12 என்று எழுதின. கிராவ்புண்டனின் கடைசி ஊர்கள் மாறும்போது 19ஆம் நூற்றாண்டே வந்துவிட்டது. இரண்டு ஊர்ப் பதிவுகளில் பத்துப் பதினோரு நாள் வித்தியாசம் வந்தால் முதலில் இதை நினைத்துப் பாருங்கள்.

எட்டு ஹான்ஸ்களில் நம் ஹான்ஸ் யார்?

உண்மையான வேலை இங்கேதான். ஒரே ஊர், ஒரே குடும்பப்பெயர், அதில் ஒரே காலத்தில் ஏழெட்டு ஹான்ஸ், அதில் மூன்று பேருக்கு மனைவி பெயர் அன்னா. 17ஆம் நூற்றாண்டு எம்மென்டாலில் இது சாதாரணம். மேலும், இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். 1662இல் பிறந்த பீட்டர் கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல் 1664, 1667 பக்கங்களையும் புரட்டுங்கள். அதே பெற்றோருக்கு இன்னொரு பீட்டர் இருந்தால் முதல்வன் இறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

'மூத்தவர்', 'இளையவர்' என்ற அடைமொழிகள் தந்தை மகனைக் குறிக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே பெயருள்ள இருவரில் வயதில் பெரியவர், சிறியவர் என்றுதான் பொருள். மூத்தவர் இறந்ததும் இளையவரே மூத்தவர் ஆகிவிடுவார். பெயருக்குப் பின் 'செல்.' என்ற சுருக்கம் இருந்தால் அந்த ஆள் காலமாகிவிட்டார். இறப்புப் பதிவேடே இல்லாத காலத்தில், மகளின் திருமணப் பதிவில் அப்பா பெயரோடு வரும் இந்தச் சின்னச் சுருக்கம்தான் அவர் இறந்த காலத்தைச் சொல்லும்.

இந்த எட்டுப் பேரைப் பிரித்தெடுக்க இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று ஞானப்பெற்றோர். பெர்னில் ஆண் குழந்தைக்கு இரண்டு ஆண், ஒரு பெண். பெண் குழந்தைக்கு இரண்டு பெண், ஓர் ஆண் என்பது வழக்கம். அவர்கள் சும்மா வந்து நின்றவர்கள் அல்லர். தாய்மாமன், அத்தை, பக்கத்துப் பண்ணைக்காரர், வசதியான முதலாளி என்று காரணத்தோடு அழைக்கப்பட்டவர்கள். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் ஞானப்பெற்றோரையும் அட்டவணையாக எழுதுங்கள். அம்மா வீட்டுப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். சந்தேகத்துக்குரிய இரண்டு ஹான்ஸ்களின் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் எந்த வட்டம் என்று பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இன்னொன்று பண்ணையின் பெயர். எம்மென்டாலில் வீடுகள் கூட்டமாக இல்லை. ஒவ்வொரு பண்ணையும் தன் மேட்டில் தனியாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. போதகரும் பல நேரம் 'இன்ன பண்ணை ஹான்ஸ்' என்றே எழுதினார். கிடைத்த பண்ணைப் பெயரை, சுவிஸ் அரசின் நில அளவை அலுவலகமான ஸ்விஸ்டோப்போவின் தளத்தில் உள்ள பழைய வரைபடங்களில் தேடுங்கள். 1845க்கும் 1865க்கும் இடையே வெளிவந்த டுஃபூர் வரைபடமும், 1870 முதல் வந்த ஸீக்ஃப்ரீட் வரைபடமும் அங்கே இருக்கின்றன. ஸீக்ஃப்ரீட்டில் பல பண்ணைகள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். அதே பெயரில் இன்றும் வீடு நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பண்ணை யாருக்குப் போனது?

எம்மென்டாலில் பண்ணையைத் துண்டு போட மாட்டார்கள். முழுப் பண்ணையும் ஒருவருக்கே, அதுவும் கடைசி மகனுக்கு. அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பணமாகப் பங்கு. வயதான பெற்றோர் பக்கத்தில் உள்ள 'ஸ்டெக்லி' என்ற சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். இது தெரியாமல் மூத்த மகன் வழியே பண்ணையைத் தேடினால் கிடைக்காது. மூத்தவன் வேறொரு பண்ணையில் மாப்பிள்ளையாகவோ, குத்தகைக்காரனாகவோ, 'டௌனர்' எனப்பட்ட கூலி விவசாயியாகவோ இருப்பான். பக்கத்துப் பள்ளத்தாக்குக்கோ ஜூரா மலைக்கோ போயிருப்பான். டிச்சினோ, கிராவ்புண்டன் பக்கம் இதற்கு நேர்மாறு. நிலத்தை எல்லாரும் பங்கிட்டு, தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறிதாகிக்கொண்டே போகும்.

நில ஆவணங்களில் முதன்மையானது 'ஊர்பார்', வரி வாடகைப் பேரேடு. எந்தப் பண்ணை, யார் கையில், எவ்வளவு தானியம், எத்தனை கோழி, எத்தனை முட்டை கட்ட வேண்டும் என்று இருக்கும். நம் பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவது போலவே அங்கும் இந்தப் பக்கம் இன்னார் நிலம், அந்தப் பக்கம் ஓடை என்று எழுதியிருப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் அதனால் இலவசமாகக் கிடைக்கிறது. முந்தைய உடைமையாளரின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரே வரியில் இரண்டு தலைமுறை.

அடுத்தது விற்பனை, அடமான, பாகப்பிரிவினை ஒப்பந்தப் பதிவேடுகள். பெரிய பதிவேடுகள், பொருளடக்கம் சரியாக இருக்காது, பொறுமை வேண்டும். ஆனால் ஒரு பாகப்பிரிவினை கிடைத்துவிட்டால் பிள்ளைகள் அத்தனை பேரும், மருமகன்கள் உட்பட, வரிசையாக வந்து நிற்பார்கள். பெர்ன் மேட்டுநிலத்தில் கோடை மேய்ச்சல் உரிமைக்கு 'ஸைபூஹ்' என்று தனிப் பேரேடு உண்டு. எத்தனை மாடு மேய்க்கும் உரிமை யாருக்கு என்பது அதில் இருக்கும், அது நிலம்போலவே கைமாறும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்டோன்கள் கட்டடத் தீக்காப்பீடு தொடங்கின, ஆர்கௌவில் 1805இல். அந்தப் பேரேடுகளில் வீடு, கொட்டகை, கூரை, மதிப்பு, உடைமையாளர் எல்லாம் இருக்கும்.

வாழ்க்கை தெரிய வேண்டுமா?

பெர்ன் ஊர்களில் 1528 முதல் 'கோர்கெரிஹ்ட்' என்ற ஒழுக்க நீதிமன்றம் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள், போதகர் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை வைக்கோல் போட்டவன், நடனமாடியவர்கள், சீட்டாடியவர்கள், சண்டை போட்ட கணவன் மனைவி, திருமணத்துக்கு முன் கருவுற்ற பெண் எல்லாரும் அதில் வருவார்கள். மணமாகாத தாயிடம் பிரசவ வேதனையின்போதே தந்தை யார் என்று கேட்டார்கள். கொடூரமான வழக்கம். ஆனால் தந்தை பெயர் ஞானஸ்நானப் பதிவில் விடுபட்டிருந்தால் இங்கேதான் கிடைக்கும். விவசாயிகள் பேசிய பேச்சே சில இடங்களில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், பத்துத் தலைமுறைப் பெயர்ப் பட்டியலைவிட இந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கம் மேல்.

சூரிக் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் வேறொரு புதையல். திருச்சபைத் தலைவர் யோஹான் யாக்கோப் பிரைட்டிங்கர் 1634இல் தொடங்கி வைத்ததால், அங்கே போதகர்கள் வீடு வீடாக ஆள்கணக்கு எழுதினார்கள். குடும்பம் முழுவதும், வேலையாட்கள் உட்பட, ஒரே இடத்தில் கிடைக்கும்.

திடீரென்று காணாமல் போனால்

பெர்ன் குடும்பம் ஞானஸ்நானப் பதிவேட்டில் பாதியில் நின்றுபோனால் ஒரு சந்தேகம் உடனே வர வேண்டும்: 'டாய்ஃபர்' ஆகியிருப்பார்களோ? குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த சபையினர் அவர்கள். எம்மென்டாலில் அவர்களுக்கு ஆழமான வேர் இருந்தது. ஆமிஷ் மக்களின் பெயருக்குக் காரணமான யாக்கோப் அம்மான் பெர்ன் மேட்டுநிலத்து ஸிம்மென்டாலைச் சேர்ந்தவர். பெர்ன் அரசு 1659இல் இவர்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகமே வைத்தது. சிறை, சொத்துப் பறிமுதல், நாடுகடத்தல் எல்லாம் நடந்தன. 1711இல் ரைன் நதி வழியே படகுகளில் ஏற்றி நெதர்லாந்துக்கு அனுப்பினார்கள். ஜூரா, அல்சாஸ், பாலட்டினேட், கடைசியில் பென்சில்வேனியா என்று அவர்கள் தடம் போகிறது. துரத்திய அரசு அவர்கள் சொத்தையும் பெயரையும் கவனமாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது.

மதக் காரணம் இல்லாமலும் போனார்கள். முப்பதாண்டுப் போரில் ஆளில்லாமல் கிடந்த அல்சாஸ், பாலட்டினேட் நிலங்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறையப் பேர் குடியேறினார்கள். 1816, 1817 பஞ்சத்துக்குப் பின் 1819இல் பிரேசிலில் நோவா ஃப்ரிபுர்கோ, 1845இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நியூ கிளாருஸ் என்று ஊர்களே எழுந்தன. ஏழைகளுக்குக் கப்பல் செலவைக் கொடுத்து அனுப்பிய ஊராட்சிகளும் உண்டு. ஆகவே ஊராட்சிக் கூட்டக் குறிப்புகளையும் ஏழைகள் நிதிக் கணக்கையும் பாருங்கள்.

20ஆம் நூற்றாண்டில் ஒரு பிள்ளை தன் வீட்டில் இல்லாமல் வேறொரு பண்ணையில் இருந்தால், அது 'ஃபெர்டிங்கிண்ட்' ஆக இருக்கலாம். ஏழைப் பிள்ளைகளையும் மணமாகாத தாய்களின் பிள்ளைகளையும் அதிகாரிகள் பிரித்தெடுத்துப் பண்ணைகளில் வேலைக்கு விட்ட வழக்கம் அது. 2013இல் சுவிஸ் அரசு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கோப்புகளைப் பார்க்கக் கன்டோன் ஆவணக்காப்பகங்கள் உதவுகின்றன. குடும்பத்தில் யாரும் பேசாத விஷயமாக இருக்கும், பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள்.

1550க்கு முன்

சீர்திருத்தச் சபைப் பகுதியில் பதிவேடுகள் தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்கு ஊர்பார், அடுப்புக் கணக்கெடுப்பு (அடுப்புகளை எண்ணி வீடுகளைக் கணக்கெடுத்தது), படைக்கு ஆள் எடுத்த பட்டியல் இவைதான். பெயர் கிடைக்கும், ஆனால் யார் யாருக்கு மகன் என்பது அரிதாகத்தான் கிடைக்கும். கத்தோலிக்க மத்திய சுவிட்சர்லாந்தில் மட்டும் 'யார்ட்ஸைட்பூஹ்' கைகொடுக்கும். இறந்தவருக்கு ஆண்டுதோறும் பூசை வைக்கக் கொடுத்த நன்கொடைகளின் பதிவு அது. தன் ஆன்மாவுக்கும் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் ஆன்மாவுக்கும் என்று பெயர் சொல்லி, எந்த நிலத்தின் வருமானத்திலிருந்து என்றும் எழுதியிருப்பார்கள். சில 14, 15ஆம் நூற்றாண்டுகளுக்குப் போகின்றன. அதில் உங்கள் பண்ணையின் பெயர் வந்தாலும், அன்று அதை வைத்திருந்தவர் உங்கள் முன்னோர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். குடும்ப மரத்தில் அந்த இடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள்.

ஆவணக்காப்பகத்துக்கு எழுதும்போது ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ, அந்தந்தக் கன்டோனின் மொழியில் எழுதினால் நல்லது. பெயர், பூர்வீக ஊர், தெரிந்த ஒரு தேதி, ஏற்கெனவே பார்த்த பதிவேட்டின் எண், ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு போதும். 'என் வம்சம் முழுவதையும் அனுப்புங்கள்' என்று எழுதினால், ஆராய்ச்சியாளர்களை அமர்த்திக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பதிவேட்டு எண்ணையும் பக்க எண்ணையும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள், இல்லையென்றால் அதே பக்கத்தை மறுபடி தேட வேண்டியிருக்கும்.